ஏ என்றால் அரபேர்

எங்கள் கம்பெனி புதுச்சேரித் தட்டாஞ்சாவடியை விட்டுச் சேதராப்பட்டுக்குப் போய் நாளாகிவிட்டது. அங்கே இப்போது கேமரா வைத்திருக்கிறார்களாம். கண்ணாடி இழைக் கட்டின் நுனியை அதன் முன்னால் காட்டினால், எத்தனை இழை உடைந்திருக்கிறது என்று அதுவே எண்ணித் திரையில் போட்டுவிடுமாம். ஆபீஸிலிருந்து ஒரு பெண் போன் செய்து இதையெல்லாம் சொன்னாள். "நீங்கள்ளாம் வெறுங்கண்ணால எப்டிம்மா பாத்தீங்க? ஆண்டு மலருக்கு எழுதிக் குடுங்களேன். புதுசா வர்றவங்களுக்கு ஒரு ஊக்கமா இருக்கும்" என்றாள். ஊக்கம் வேண்டுமென்றால் வேறு ஆளைக் கேட்டிருக்க வேண்டும். என்னைக் கேட்டுவிட்டார்கள், நானும் எழுதுகிறேன். போடுவதும் போடாததும் அவர்கள் இஷ்டம்.

நாங்கள் என்ன செய்தோம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். மைக்ராஸ்கோப்புக்கு அடியில் வைத்திருக்கும் பூச்சியின் மேல் வெளிச்சம் விழ வேண்டும். பல்பைப் பக்கத்தில் கொண்டு போனால் சூட்டில் பூச்சி சுருண்டுவிடும். அதனால் பல்பைத் தள்ளி ஒரு பெட்டிக்குள் வைத்து, வெளிச்சத்தை மட்டும் கண்ணாடி இழைகள் வழியாகக் கொண்டு வருவார்கள். தலைமுடியைவிட மெல்லிய இழைகள், ஒரு கட்டில் ஆயிரக்கணக்கில் இருக்கும். ஒரு முனையில் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்திருக்கும். மறுமுனையில் விரிந்து, லென்ஸைச் சுற்றி மாட்டுகிற வளையமாக முடியும். அந்த வளையம்தான் எங்களுக்குச் சோறு போட்டது.

மாடியில் உலை. கண்ணாடிக் குழாய்க்குள் கண்ணாடித் தண்டை வைத்து உருக்கி, கீழே இழுத்து, டிரம்மில் சுற்றுவார்கள். அது ஆண்கள் வேலை. டிரம்மிலிருந்து வெட்டி எடுத்த கொத்தைச் சடை என்போம். சடை கீழே இறங்கிய பிறகு முழுக்கப் பெண்கள்தான். இழைகளைக் கலைப்பது, வளைகிற எஃகுக் குழாய்க்குள் நுழைப்பது, நுனியில் பித்தளைத் தொப்பி மாட்டிப் பசை ஊற்றுவது, அடுப்பில் இறுக வைப்பது, வெட்டித் தேய்த்துப் பாலிஷ் போடுவது. கடைசியில் செக்கிங். அந்த மேஜை என்னுடையது.

மேஜைக்கு வருவதற்கு முந்தைய வருஷங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பெருக்கினேன், இழை கலைத்தேன், தேய்த்தேன். கண்ணாடி முள் விரலில் ஏறினால் கண்ணுக்குத் தெரியாது. வீட்டுக்குப் போய்ச் சோறு பிசையும்போது குழம்புக் காரம் பட்டு உயிர் போகும். ஒட்டும் டேப்பை விரலில் அழுத்திப் பிய்த்தால் வந்துவிடும் என்று கற்றுக்கொண்டேன். அந்த வருஷங்களில் கற்றது அவ்வளவுதான்.

செக்கிங்கை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் அந்துவான் முசியே, அதாவது அந்துவான் சார். புதுச்சேரிக்காரர்தான், ஆனால் இளவயதிலேயே பிரான்சுக்குப் போய் அங்கே ஒரு கண்ணாடித் தொழிற்சாலையில் ஓய்வு பெறும்வரை இருந்தவர். முதலாளி அவரைப் பிடித்து எங்களுக்கு மேலதிகாரியாகப் போட்டார். கத்த மாட்டார். சிரிக்கவும் மாட்டார். வெயில் கொளுத்தினாலும் சட்டையைப் பேண்டுக்குள் விட்டு, ஷூ மாட்டிக்கொண்டுதான் வருவார். யாராவது பவுடர் பூசி வந்திருந்தால் ஒன்றும் சொல்லாமல் குழாயடியைக் கையால் காட்டுவார். முகம் கழுவிக்கொண்டு வர வேண்டும். கழுவிய கையைத் துணியில் துடைக்கக் கூடாது, காய விட வேண்டும். துணியிலிருந்து நூல் ஒட்டுமாம்.

வந்த புதிதில் அவர் செய்த முதல் வேலை, வடக்குச் சுவரை இடித்து ஜன்னல் வைத்ததுதான். "லைட்ட போட்டுப் பாத்தா எல்லாம் பளபளன்னுதான் தெரியும்மா. உடைஞ்சதையும் அது மறைச்சிடும்" என்பார். வடக்கே நேர் வெயில் கிடையாது, நாள் முழுக்க ஒரே சீரான வெளிச்சம். கட்டின் ஒரு முனையை ஜன்னலுக்குக் காட்டி, மறுமுனையை லென்ஸ் வைத்துப் பார்க்க வேண்டும். முழு இழை வெள்ளைப் புள்ளியாகத் தெரியும், உடைந்தது கறுப்பாக இருக்கும். வளையத்தில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கறுப்பு இருந்தால் போச்சு, அந்த இடத்தில் பூச்சியின் மேல் நிழல் விழும்.

கறுப்பை எண்ணுவது எல்லாருக்கும் வரும். அவர் எனக்குக் கொடுத்த வித்தை வேறு. பித்தளைத் தொப்பிக்குள் ஊற்றும் பசை சில நேரம் இழைகளின் ஊடே மேலே ஏறிவிடும். ஏறி இறுகினால், தொப்பிக்குப் பின்னால் கழுத்துப் பகுதி விறைத்துக்கொள்ளும். ஜன்னலில் பார்த்தால் ஒரு கறுப்புகூட இருக்காது. ஆனால் வாங்கியவன் நாலு தரம் வளைத்தால் கழுத்தில் இழைகள் ஒடிய ஆரம்பிக்கும். "கழுத்தத் தொட்டுப் பாரும்மா. இன்னிக்கி நல்லாத்தான் தெரியும். ரெண்டு மாசம் கழிச்சிதான் ஒடையும்" என்று என் கட்டைவிரலைப் பிடித்துக் கழுத்தில் வைத்து அழுத்திக் காட்டினார். விறைப்பு ஒரு விரற்கடைக்கு மேல் போனால் தொப்பியை அறுத்தெறிந்துவிட்டு மறுபடி செய்ய வேண்டும். ஒருவாரம் எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு விரலுக்குப் பழகிவிட்டது. அந்த விஷயத்தில் நான் கெட்டிக்காரிதான், சொல்லிக்கொள்வதில் வெட்கமில்லை.

அவர் வாயில் பிரெஞ்சு தானாக வரும். நல்ல சரக்கைப் பார்த்தால் 'போன்' என்பார், அந்த 'ன்' மூக்கிலேயே நின்றுவிடும். மறுபடி செய்ய வேண்டியதை 'ஆ ரஃபேர்' என்பார். அது எங்கள் வாயில் அரபேர் ஆனது. "இன்னிக்கி எனக்குப் பத்து போன் வந்துச்சு, உனக்கு எத்தினி போன்?" என்று ஒருத்தி கேட்டால், "எனக்கெங்க போனு, எல்லாம் அரபேருதான்" என்று இன்னொருத்தி சொல்வாள். வெளியாள் கேட்டால் எங்களுக்கு என்னவோ ஆகிவிட்டது என்றுதான் நினைப்பான்.

அமுதா வந்த கதையும் இந்த 'போன்'தான். கடற்கரைக் குப்பத்துப் பெண். வலையில் சிக்கெடுத்துப் பழகிய கை. வளையத்துக்குச் சடையை வேண்டுமென்றே கலைக்க வேண்டும், அப்போதுதான் வெளிச்சம் வளையம் முழுக்கச் சமமாகப் பிரியும். இவளோ உட்கார்ந்து இழை இழையாக நேராக்கி வைத்துக்கொண்டிருந்தாள். "எனக்குச் சிக்கு எடுக்கத்தான் தெரியுங்க, சிக்கு போடத் தெரியாதுங்க" என்றாள். சொல்லிக் கொடுத்ததும் பிடித்துக்கொண்டாள். அவள் செய்த முதல் வளையத்தை முசியே ஜன்னலில் வைத்து நெடுநேரம் பார்த்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்து "போ" என்றார். வழக்கம்போல் மீதி மூக்கோடு நின்றுவிட்டது. அமுதா எழுந்தாள், சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டைத் தாண்டிவிட்டாள். நான் ஓடிப்போய் இழுத்து வந்தேன். "ஐயய்ய, போகச் சொல்லலடி, நல்லாருக்குன்னாரு!" அன்று முசியேவே சிரித்தார். நான் பார்த்து அவர் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

வளையத்துக்குப் பசை ஊற்றும் வேலை அதன் பிறகு அமுதா கையில்தான். ஊற்றியவளின் நம்பரைத் தொப்பியில் கீறுவது வழக்கம். அவள் நம்பர் ஏழு. செக்கிங் முடிந்ததும் நான் ஒவ்வொன்றிலும் சீட்டுக் கட்டி ஓர் எழுத்து எழுதுவேன். போனுக்கு இங்கிலீஷ் 'பி'. அரபேருக்கு முசியே காட்டிக் கொடுத்த 'ஏ', பிரெஞ்சில் அதன் முதல் எழுத்து அதுவாம். பி தட்டு பேக்கிங்குக்குப் போகும். ஏ தட்டு அமுதா மேஜைக்குத் திரும்பும். நாலு வருஷம் இப்படித்தான் ஓடியது. எந்த எழுத்துக்கு என்ன அர்த்தம் என்று சுவரில் எழுதி ஒட்ட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. எங்களுக்கு அது கறிக்கு உப்பு போடுவது மாதிரி, யாரும் எழுதி வைத்துக்கொண்டு செய்வதில்லை.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் ஆன பிறகு முசியேவுக்கு உடம்பு முடியாமல் போனது. மகள் பிரான்சிலிருந்து வந்து ஒரே வாரத்தில் அழைத்துக்கொண்டு போய்விட்டாள். எங்களிடம் வந்து ஒவ்வொருவருக்கும் கை கொடுத்துவிட்டுப் போனார். ஒரு தாளில் இரண்டு வரி எழுதி வைத்துவிட்டுப் போகவில்லை. அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு. அந்தக் கோபமும் உண்டு.

அவர் இடத்துக்குச் சென்னையிலிருந்து முரளி என்பவர் மேனேஜராக வந்தார். வயது என்னைவிடக் குறைவு. கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அவருக்கு எப்போதும் அவசரம், அவ்வளவுதான். ஒரு காதில் போன் இருக்கும், மற்றக் காதால் நம்மைக் கேட்பார். செக்கிங் மேஜையில் வந்து அவர் உட்கார்ந்ததே இல்லை.

அந்த மே மாதம் வெயில் மண்டையைப் பிளந்தது. சூட்டில் பசை தண்ணீராக இளகி, எல்லாக் கழுத்திலும் ஏறியது. "அக்கா, பசை நிக்கவே மாட்டேங்குது, ஓடுது" என்று அமுதா வந்து சொன்னாள். அவள் மேல் தப்பில்லை. நான் விறைத்ததையெல்லாம் ஒதுக்கி ஒதுக்கி ஏ எழுதினேன். முப்பத்தாறு வளையம் சேர்ந்துவிட்டது. சூடு தணிந்ததும் மறுபடி செய்யலாம் என்று தட்டோடு அலமாரியில் வைத்துப் பூட்டினோம். பக்கத்திலேயே பி தட்டும் இருந்தது.

என் பிள்ளைக்கு அம்மை போட்டு நான் வேலைக்குப் போகாமல் இருந்தேன். திரும்பி வந்து அலமாரியைத் திறந்தால் பி தட்டு அப்படியே இருக்கிறது, ஏ தட்டைக் காணோம். பேக்கிங் பெண்ணைக் கேட்டேன்.

"பெங்களூர் ஆர்டருக்கு லோடு போயிடுச்சுக்கா. அவசரம்னு சாரே வந்து அலமாரியத் தொறந்தாரு. ஏ-வ எடுத்துக்கோ, பி இருக்கட்டும்னாரு."

"நீ ஒண்ணும் சொல்லலியா?"

"நான் புதுசுக்கா. ஏ-ன்னா ஒசந்ததுன்னு நெனச்சேன்."

பெங்களூரில் மைக்ராஸ்கோப் செய்கிற கம்பெனி அது, எங்களுடைய பெரிய வாடிக்கை. மேனேஜர் அறைக்குப் போனேன். அவர் போனில் இருந்தார். என்னைப் பார்த்து, என்ன என்று புருவத்தைத் தூக்கினார். பிறகு அப்புறம் வா என்று கையை ஆட்டினார். நான் திரும்பி வந்துவிட்டேன். அப்புறம் போகவில்லை. கழுத்து ஒடியாமலே இருந்துவிடலாம், எல்லாரும் வளைத்துக்கொண்டா இருக்கப் போகிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

முசியே சொன்ன கணக்கு தப்பவில்லை. இரண்டு மாதத்தில் முப்பத்தாறும் ஒரு பெட்டியில் திரும்பி வந்தன. ஜன்னலில் வைத்துப் பார்த்தேன். வளையத்தில் பாதி கறுப்பு. சில வளையங்களில் வரிசையாக ஒரு விரல் அகலத்துக்கு இருட்டு. பெங்களூர்க்காரன் இனி வேண்டாம் என்று எழுதிவிட்டான். முதலாளி யார் தப்பு என்று கேட்டு அனுப்பினார்.

மறுநாள் காலையில் முரளி சார் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார். அமுதாவை வராந்தாவில் நிற்க வைத்துவிட்டு என்னை மட்டும் உள்ளே அழைத்தார். மேஜை மேல் வளையங்கள், என் சீட்டோடு கிடந்தன.

"இது உங்க எழுத்துதான?"

"ஆமாங்க சார்."

"ஏ-ன்னு போட்டிருக்கீங்க."

"சார், ஏ-ன்னா நல்லதுன்னு அர்த்தம் இல்லீங்க சார். ஏ-ன்னா அரபேர். மறுபடி செய்யணும்னு அர்த்தம். முசியே வச்ச அடையாளம். பி-தான் நல்ல சரக்கு."

அவர் சிரித்தார். "ஏம்மா, உலகத்துல எங்கயாவது ஏ-ன்னா ரிஜெக்ட்டு, பி-ன்னா ஃபர்ஸ்ட் குவாலிட்டியா? கதை விடறீங்களா?"

"சத்தியமா சார்."

"எழுத்துல எங்கயாவது இருக்கா?"

இல்லை. ஒரு துண்டுச் சீட்டு கிடையாது. "முதலாளிகிட்ட முசியே நம்பர் இருக்கும், போன் பண்ணிக் கேளுங்க சார்" என்றேன். அதைக் கேட்டதும் அவர் சிரிப்பு போய்விட்டது. அலமாரியைத் திறந்தது யார் என்பது அவருக்கு நினைவு வந்திருக்கும். குரலைத் தணித்துக்கொண்டார்.

"இத பாருங்க. ஏ நல்லதுன்னா, நீங்க செக் பண்ணும்போது சரக்கு நல்லா இருந்திருக்கு. அப்ப செக்கிங்ல தெரியாத மாதிரி பசை ஊத்துனவங்கதான் கெடுத்திருக்காங்க. நம்பர் ஏழு. நீங்க சொல்றபடி ஏ கெட்டதுன்னா, கெட்ட சரக்கு அலமாரில இருந்து வெளிய போனது ஒங்களுக்கு எப்பத் தெரியும்? எங்கிட்ட ஏன் சொல்லல?"

அவர் கையை ஆட்டியதைச் சொல்லியிருக்கலாம். சொன்னால், அப்புறம் ஏன் வரவில்லை என்று கேட்டிருப்பார். வீட்டுக்காரருக்கு மில்லில் வேலை போய், என் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. இங்கிலீஷில் அடித்த தாளை என் பக்கம் நகர்த்தினார். இங்கிலீஷ் தெரியாமல் போட்டுவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன். தப்பு நம்பர் ஏழு மேல் என்று அதில் இருந்தது எனக்குப் படிக்கத் தெரியும். கையெழுத்துப் போட்டேன்.

வெளியே வந்தபோது அமுதா சுவரோடு ஒட்டி நின்றிருந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். நான் நேராக என் மேஜைக்குப் போய் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பத்து நிமிஷத்தில் அவள் தூக்கை எடுத்துக்கொண்டு போனாள். சரக்கைக் கெடுத்தவள் என்று பேர் வாங்கிவிட்டதால் தட்டாஞ்சாவடியில் வேறு எந்தப் பட்டறையும் அவளைச் சேர்த்துக்கொள்ளவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். முரளி சார் அடுத்த வருஷமே வேறு கம்பெனிக்குத் தாவிவிட்டார். ஏ முதல் தரம், பி இரண்டாம் தரம் என்று சுவரில் பலகை மாட்டிவிட்டுப் போனார். நான் அந்தப் பலகைக்குக் கீழே உட்கார்ந்து, ஓய்வு பெறும்வரை கழுத்தைத் தொட்டுத் தொட்டு நல்ல சரக்குக்கு ஏ எழுதினேன். பிரிவு விழாவில் பொறுப்பானவர் என்று மேடையில் பேசினார்கள். சால்வை போர்த்தினார்கள். அந்தச் சால்வையை நான் பிரிக்கவே இல்லை.

வருஷக்கணக்காக இதை முரளி சார் செய்த அநியாயம் என்றுதான் எனக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். எழுத்தில் இல்லாததற்கு நான் என்ன செய்ய முடியும்? சாட்சிக்கு ஆள் பிரான்சில் இருந்தால் நான் எங்கே போவேன்?

போன ஞாயிற்றுக்கிழமை பெரிய மார்க்கெட்டில் மீன் வாங்கப் போனேன். "அக்கா!" என்று ஒரு குரல். அமுதா. கூடையை முன்னால் வைத்து அரிவாள்மனையில் உட்கார்ந்திருந்தாள். முன்நெற்றியில் நரை. அதே பழைய சிரிப்பு. "எவ்ளோ நாளாச்சு! இரு, நானே நறுக்கித் தர்றேன்" என்று நல்ல வஞ்சிரமாகப் பார்த்து எடுத்தாள். மகள் நர்ஸ் படிக்கிறாளாம், வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டாராம். செதில் எடுத்துக்கொண்டே பேசினாள்.

"அமுதா, அன்னிக்கி அந்தத் தாள்ல நான்தான்டி கையெழுத்துப் போட்டேன்."

அவள் கை நிற்கவில்லை. "தெரியும்க்கா."

"யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? கதவு தொறந்துதான இருந்துச்சு. எல்லாம் கேட்டுச்சு."

"அவரு எழுத்துல இருக்கான்னு கேட்டாருடி. இல்லையேடி. நான் என்னா பண்ணுவேன்?"

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இல்லை. தெரியாத கணக்கைக் கேட்பவள் போலத்தான் கேட்டாள்.

"ஏ போட்ட தட்டு யார் மேஜைக்குக்கா வரும்? எம் மேஜைக்குதான? நாலு வருஷமா தொப்பிய அறுத்து அறுத்து மறுபடி ஊத்துனது யாரு? அரபேர்னா என்னான்னு பசை ரூம்ல இருந்த அத்தினி பேருக்கும் தெரியும். எழுத்து எதுக்கு? நான் வாசல்லதான நின்னுனு இருந்தேன்."

நான் கையிலிருந்த பையைச் சுருட்டினேன்.

"வாடி அமுதா, வந்து சொல்லுன்னு ஒரு குரல் குடுப்பியான்னு பாத்தேன்க்கா. அவரு கூப்புடாம நானா எப்டி உள்ள வர்றது?"

அன்று அந்த அறையில் அவள் நினைவே வரவில்லை என்று இங்கே எழுதிவிட்டுப் போகலாம். அது பொய். அவள் உள்ளே வந்து வாயைத் திறந்திருந்தால், ஏ கெட்ட சரக்கு என்பது உறுதியாகியிருக்கும். அடுத்த நிமிஷம் இரண்டு மாதமாக நான் ஏன் பேசவில்லை என்ற கேள்வி என் தலையில் வந்து உட்கார்ந்திருக்கும். கதவுக்கு வெளியே அவள் புடவைத் தலைப்பு எனக்குத் தெரிந்துகொண்டுதான் இருந்தது.

அமுதா துண்டுகளைக் கழுவி இலையில் கட்டினாள். "மண்டையையும் போட்டுடவாக்கா? கொழம்புக்கு ஆவும்" என்றாள். நான் பையை விரித்துப் பிடித்துக்கொண்டேன்.